யாருக்கும் புரியாத பாஷை

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஒரு சால்வை. போர்த்துகிறவனும் முகத்தைப் பார்ப்பதில்லை, வாங்குகிறவனும் பார்ப்பதில்லை. ரெண்டு பேரும் செல்போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஆவடி கல்யாண மண்டபத்தில் நடந்த பாராட்டு விழாவில் அப்படி ஒரு சால்வையோடு மைக்கைப் பிடித்தார் உலகநாதன். ஐந்தாவதோடு படிப்பை விட்டுப் பட்டாளத்துக்குப் போய், சண்டையில் வயர்லெஸ் பேசியவர்.

"எதிரி எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டுகினு இருந்தான். இந்தாண்ட நானு, அந்தாண்ட என் தம்பி ஹேமநாதன். பூந்தமல்லில பேசுற மாதிரியே பேசுவோம். இன்னா கீது, எத்தினி பேரு கீறீங்கோன்னு. ஒருத்தனுக்கும் புரியல. அதான் ஜெயிச்சோம்!"

மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ராமகிருஷ்ணன் மட்டும் தட்டவில்லை. அந்த நாளில் உளவுப் பிரிவு அதிகாரி. வயர்லெஸ்ஸில் உலகநாதன் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்.

இறங்கி வந்த உலகநாதன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "இன்னா சார், கை வலிக்குதா?"

"தம்பி எப்படிச் செத்தான்னு சொல்லலியே."

"அத்த ஏன் சார் கிளர்றீங்கோ? நாளைக்கு மொத்தப் படையும் பாலத்தாண்ட வருது, புடிச்சுகினு இருன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கோ. நான் சொன்னேன். அன்னிக்கே எதிரி கும்பலா பாலத்துக்கு வந்துட்டான். அங்க இருந்தது தம்பியோட சேத்து பதினோரு பேரு. நம்ம படை வழி மாறி, கீழ்த்துறைல ஆத்தைத் தாண்டிடுச்சு. நேரம் சரியில்ல, அவ்ளோதான்."

"படை வழி மாறல, உலகநாதா."

"பின்ன?"

"எனக்கு எண்பத்தாறு ஆச்சு. இனிமே இதை உள்ள வெச்சிருக்க முடியாது. எதிரியோட சங்கேத பாஷையை நாங்க உடைச்சிருந்தோம். அவங்க செய்தியைப் படிச்சுப் பார்த்தா, நீங்க ரெண்டு பேரும் பேசினது அத்தனையும் அதுல இருந்தது. மெட்ராஸ்ல பத்து வருஷம் கடை வெச்சிருந்தவன் ஒருத்தன் அவங்களுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டிருந்தான்."

உலகநாதன் சால்வையை உருவி நாற்காலியில் எறிந்தார். "கப்ஸா! எங்க பேச்சு எவனுக்கும் புரியாது."

விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். துளியும் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமலே நக்கலாகக் கேட்டார்.

"ஆமா, இத்த எப்ப கண்டுபுடிச்சீங்கோ?"

"ஹேமநாதனைப் பாலத்துக்கு அனுப்புறதுக்கு முந்தின வாரம்."