சபாபதி உயிரோடு இருக்கிறார்

"சீக்கிரம் ஒட்டு, அழைப்பு வந்துடுச்சு," என்று பதறினான் தனகோபால். மேகலா கணவனின் உதட்டுக்கு மேல் வெள்ளை மீசையை அழுத்தினாள். தனகோபாலின் அப்பா சபாபதி வாங்கிய அறுநூறு பழைய கம்ப்யூட்டர் கேம்களும், வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரைதான் ஓடும்; விற்ற கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை வீடியோவில் ஆளைப் பார்த்துச் சரிபார்க்கும். அவர் போய்ப் பத்து வருஷமாகிறது.

"உங்க சித்தப்பா, யார் வேணா ஆடலாம்னு கேமுக்குப் பூட்டு போடாம விக்கிற கடையில வாங்கினார். அவர் பையன் நிம்மதியா ஆடுறான். இங்க வருஷா வருஷம் நாடகம்," என்றாள் மேகலா.

திரையில் நரைத்த தலையும் அடர்ந்த மீசையுமாகச் சோதனை அதிகாரி தோன்றினார்.

"பேரு சபாபதி. வயசு தொண்ணூத்தெட்டா?"

"ஆமா தம்பி," என்று இருமினான் தனகோபால். மீசை ஒரு பக்கம் தொங்கியது.

அதிகாரி உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கோந்து நிக்காது சார். மைதாப் பசை போடுங்க. எங்கப்பா செத்ததிலேர்ந்து அவர் வேலைய நான் அதை வச்சுத்தான் பாக்கறேன்."