மலைப்பாம்பின் நல்ல பெயர்

மூன்று முயல்களை விழுங்கியதில் மலைப்பாம்பின் பெயர் காட்டில் ரொம்பவே கெட்டுவிட்டது. உடனே அது மைனாவை மக்கள் தொடர்பு அதிகாரியாக வைத்துக்கொண்டது.

"மறுப்பு அறிக்கையெல்லாம் பழைய காலம் சார். சிங்கமே வந்து சிபாரிசு பண்ணாலும் இப்போ யாரும் நம்புறதில்ல. சாதாரண முயல் ஒண்ணு மனசு திறந்து பேசணும்" என்றது மைனா.

ஒரு கட்டு அருகம்புல்லுக்கு ஒரு முயல் சம்மதித்தது. பாம்பின் மடிப்பில் சாய்ந்துகொண்டு, "ஐயா எவ்வளவு அன்பா அணைச்சுக்கிறாரு பாருங்க!" என்று வீடியோவில் சொன்னது. காடே லைக் போட்டது.

வீடியோ முடிந்த பிறகும் பாம்பு அணைப்பை விடவில்லை. கடைசியில் முயலை விழுங்கி ஏப்பம் விட்டது.

"அடடா, இப்போ என்னப்பா பண்றது?"

"கவலையே வேணாம் சார். இரங்கல் செய்தி காலையிலேயே ரெடி. பேரை மட்டும் நிரப்பணும். அது பேர் என்ன?"

பாம்பு யோசித்தது. "ஏன், நீ கேக்கலியா?"