மறுக்கக் கூடாத வேலை

மனைவி கோமதி படுத்த படுக்கையானதால், பாளையங்கோட்டைச் சிதம்பரநாதன் ஐம்பத்தைந்து வயதிலேயே ஓய்வு பெற்றார். எனினும், வேலையற்றோர் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால்தான் கோமதியின் மருத்துவக் காப்பீட்டுக்கான புள்ளிகள் சேரும். அளிக்கப்படும் வேலையை ஒருமுறை மறுப்பினும் அவளது மருத்துவம் நின்றுவிடும்.

அன்று காலை வீட்டுச் சுவர்த்திரையில் வந்த அரசாணை, வள்ளியூரில் ஒரு முதியவரைப் பராமரிக்குமாறு அவரைப் பணித்தது.

"போய்ட்டு வாங்க. நான் எங்க ஓடிரப் போறேன்?" என்றாள் கோமதி.

வள்ளியூர் வீட்டில் முதியவருக்குக் கஞ்சி ஊட்டியவாறே சிதம்பரநாதன், "இத்தன நாளா ஒங்கள யாரு பாத்துக்கிட்டாங்க?" என வினவினார்.

"எம் மவன்தான். என்னப் பாத்துக்கிடத்தான் அவன் முன்னாலயே ஓய்வு வாங்கினான். இன்னைக்கு அவனுக்கும் வேல வந்துட்டு."

"எங்க?"

"பாளையங்கோட்டையில. எந்திரிக்க முடியாத ஒரு அம்மாவாம், கோமதின்னு பேரு."

சிதம்பரநாதனின் கை நின்றது.

"ஒங்க மவன் மெதுவா ஊட்டுவாரா?"