ஒன்பதாம் நாள் வந்த காத்தா

"தம்பி, இத நிறுத்தி வைக்க எதுனா வழி இருக்கா?"

ஆண்டர்சன்பேட்டை சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். சீக்கிரம் கொடு என்று சண்டைக்கு வருகிறவர்கள்தான் அவனுக்குப் பழக்கம்.

"எத சார் நிறுத்தணும்?"

"என் கடையோட காத்தா." பாத்திரக்கடை ஜம்புலிங்கம் செல்போனை நீட்டினார். சொத்துப் பதிவான காத்தா அவர் பெயருக்கு மாறிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளவும் என்று அதில் செய்தி வந்திருந்தது.

"நல்ல விஷயம்தான சார், இதுல இன்னா பிரச்சினை?"

"ஒம்போது நாள்ல வந்துட்டதுதான் பிரச்சினை. எங்கப்பா பேர்லேர்ந்து மாத்த பத்தொம்போது வருஷம் ஆபீஸ் ஆபீஸா நடந்தேன். ஃபைல் ஒரு டேபிள் தாண்டல. அந்த தைரியத்துலதான் பொண்ணுக்கு வாக்கு குடுத்தேன்."

"இன்னான்னு?"

"ஒருத்தனக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. 'காத்தா என் கைக்கு வர்ற அன்னிக்கு சம்மதம். அதுவரைக்கும் பையன் பேரக்கூட என் காதுல போடாத'ன்னுட்டேன். எங்க வரப்போவுதுன்னு இருந்தேன். அவ மறுநாளே இங்க வந்து ஆன்லைன்ல போட்டுட்டா."

இளைஞன் மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"பையன் மேல இன்னா கோவம் சார்?"

"அவன் மேல ஒண்ணும் இல்லப்பா." ஜம்புலிங்கத்தின் குரல் இறங்கியது. "வாணி ஒரே பொண்ணு. அவ அம்மா தவறினப்புறம் வீட்ல கேக்கறது அவ குரல் ஒண்ணுதான்."

கவுண்டர் மேல் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார். "ஒரு எழுத்து, ஒரு நம்பர், எதுனா தப்பா இருக்குதா பாரேன். திருப்பி அனுப்பிடலாம்."

"நாலு தடவ சரி பாத்துத்தான் போட்டேன் சார். தப்பே இருக்காது."

இவ்வளவு பொறுப்பானவனை அரசாங்கம் இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று ஜம்புலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது.

பிரின்டர் இரைந்தது. பத்தொன்பது வருஷம் தண்ணி காட்டிய காகிதம் சூடு ஆறாமல் கைக்கு வந்தது. அதில் தன் பெயரைப் பார்த்ததும், வேண்டாம் வேண்டாம் என்றிருந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, குடுத்த வாக்க மீற முடியாது. இவ்ளோ சீக்கிரம் முடிச்சுக் குடுத்தியே, கல்யாணத்துக்கு நீயும் வந்துடு தம்பி."

இளைஞன் எழுந்து நின்று சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"நான் வராம எப்படி நடக்கும்? எங்க வீடு பக்கத்துல கோரமண்டல்தான், பத்து நிமிஷம். வாணி தினமும் வந்து உங்களோட பேசிட்டு வரட்டும், மாமா."