தலையில் ஒரு கை

பேருந்து ஓட்டுநர் ரத்த வாந்தி எடுத்து, அவசரப் பிரிவுக் கட்டிலில் வெளிறிப்போய்க் கிடந்தார். பெண் டாக்டர் அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பக்கத்தில் இழுத்து, அவர் வயிற்றில் ஜெல்லைத் தடவிப் பார்த்தாள். இரைப்பை நிறைய ரத்தம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் காற்றுப் போன ட்யூப்போல ஒட்டிக் கிடந்தது.

"இன்னும் ரெண்டு யூனிட் ரத்தம், ஓடுங்க சிஸ்டர்!"

நர்ஸ் ஓடினாள்.

"பயமா இருக்கும்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "இப்படியே தலையத் தடவிட்டு இருங்க. கைய மட்டும் எடுத்துடாதீங்க."

அவளுடைய வலக்கை அவர் வயிற்றின்மேல் இருந்தது. இடக்கை மெஷின் பொத்தானில் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

அவள் அவருடைய வெறுமையான தலைமாட்டை ஒருமுறை பார்த்தாள்.

"எடுக்க மாட்டாங்கய்யா," என்றாள். "நிம்மதியா இருங்க."

ரத்தம் ஏற ஏற, திரையில் அந்தக் குழாய் மெல்ல விரிந்தது. அவருக்கு மூச்சு சீரானது. குடல் டாக்டரிடம் கொண்டுபோக ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவள் அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போது அவள் உச்சந்தலையை ஒரு கை வாஞ்சையாகத் தடவியது. பிறகு, கட்டில் போன திசையில், ஆளில்லாத நடைக்கூடத்தில், ஒரு செருப்புச் சத்தம் அவசர அவசரமாக ஓடியது.