வரப்புக்கு அடியில் ஒரு குழாய்

வடிகால் வெட்டிக்கொண்டிருந்த அண்ணனின் மண்வெட்டி, வரப்புக்கு அடியில் ஒரு கறுப்புக் குழாயில் இடித்தது. தோண்டிப் பார்த்தான். ஒரு பக்கம் அவனுடைய போர்வெல்லுக்குப் போனது. மறுபக்கம், பாகம் பிரித்த நாளிலிருந்து முகம்கொடுத்துப் பேசாத தம்பியின் வயலுக்கு.

"என் தண்ணியிலயே கை வச்சிட்டியாடா?"

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலிருந்து தம்பி ஓடிவந்தான். "அண்ணே, நான் சொல்றதக் கேளு."

கேட்கவில்லை. மண்வெட்டிக் காம்பு முதலில் தாடையில் இறங்கியது, அடுத்து முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் அண்ணனுக்கே கேட்டது. தம்பி திருப்பி அடிக்கவில்லை. விழுந்த இடத்திலேயே குழாயை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"என்னை என்ன வேணா பண்ணு. இதை மட்டும் வெட்டாத."

"திருடனுக்கு வாயப் பாரு."

அந்தக் கைகளை மிதித்து விலக்கிவிட்டு ஓங்கி ஒரே வெட்டு. குழாய் துண்டானது.

தண்ணீர் பீய்ச்சியடித்தது, தம்பியின் வயல் பக்கத்து முனையிலிருந்து.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவன் மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாக மெலிந்து, சொட்டி, நின்றுபோனது.

"உன் போர் வத்தி ரெண்டு மாசமாச்சு." தம்பி ரத்தத்தைத் துப்பினான். "நான் குடுத்தா வாங்க மாட்டே. அதான் நீ ஊர்ல இல்லாதப்ப, அண்ணியும் நானும் சேர்ந்து புதைச்சோம்."