காசியில் விட்டது என்ன?

“வே, வியட்நாம்ல கடலை ஒட்டி டா நாங்னு ஒரு ஊரு. சல்லிசான விடுதி. ஒரே அறையில அடுக்குக் கட்டிலு. மேல்கட்டில் எனக்கு” என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார் குமரகுருபரன்.

“மூட்டுவலியோட ஏறிருவீரா?” என்று கேட்டார் சிநேகிதர் பவுல்ராஜ்.

“ஏறிட்டா இறங்க மாட்டேன். வாடகை ஸ்கூட்டர்ல மலையெல்லாம் சுத்துதோம். வியட்நாமே நடுங்கப் போவுது.”

“வீட்டுல என்ன சொல்ல?”

“காசின்னு சொல்லுவோம். புண்ணியத்துக்கு எந்தப் பொம்பளையும் குறுக்க நிக்க மாட்டா.”

குமரகுருபரன் மனைவி பிரம்மநாயகியும் நிற்கவில்லை. புளியோதரை கட்டிக் கொடுத்து, கண்ணை ஒற்றிக்கொண்டு வழியனுப்பினாள்.

திரும்பி வந்த குமரகுருபரன், வெயிலில் கருத்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். “கங்கை கடல் மாதிரில்லா இருந்துச்சு. சரி, காப்பி கொண்டா.”

“காசிக்குப் போனா பிடிச்சதுல ஒண்ணை விட்டுட்டு வரணும்லா. என்னத்தை விட்டீய?”

“பாகற்காயை.”

“அதைத்தான் நீங்க தொட்டதே இல்லையே. பிடிச்சதைத்தான் விடணும். இனி ஆயுசுக்கும் உங்களுக்குக் காப்பி கிடையாது.”

அடுக்களையிலிருந்து டிகாஷன் மணம் வந்தது. டா நாங் மலையையே சுற்றி வந்தவர், எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார்.

“பிரம்மு, நான் காசிக்கே போகல. வியட்நாம் போனேன்.”

“தெரியும்” என்றவள், ஆற்றி வைத்திருந்த காப்பியை நீட்டினாள். “அடுத்த மாசம் நானும் லூர்து மேரியும் காசிக்குப் போறோம்.”

“பவுல்ராஜ் பொண்டாட்டியா? சர்ச்சுக்குப் போறவளுக்குக் காசியில என்ன வேலை?”

“அவ புருஷனுக்கு என்ன வேலை இருந்துச்சோ, அதே வேலைதான்.”